தரங்கம்பாடிக்கு வாடகை கொடுத்த தளபதி

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு டச்சுக்காரர்களை நன்றாகத் தெரியும். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனால், வாசலில் எலும்புக்கூடு சிற்பங்களோடு அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1613-ல் அங்கே கோட்டை கட்டினார்கள். துணி வாங்கினார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள், அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். அதே கடற்கரைக்குக் கொஞ்சம் பின்னால் வந்த டென்மார்க்காரர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சே இல்லை.

அவர்களை அழைத்து வந்தவர் ஓவே கெட்டே. 1594-ல் ஸ்கோனே பகுதியில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அது டென்மார்க். 1658-ல் ஸ்வீடன் கைக்குப் போனது, இன்றும் ஸ்வீடன்தான். 1618 நவம்பரில் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் ஒரு கப்பல் படையையே இவரிடம் ஒப்படைத்தபோது இவருக்கு 24 வயது கூட ஆகவில்லை. நம்மூரில் பி.காம் முடித்துவிட்டு வேலை தேடும் வயது!

பயணம் படுமோசம். வழியிலேயே இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். போன இடம் இலங்கை. கண்டி மன்னரின் தூதர் என்று சொல்லி டென்மார்க்கை நம்ப வைத்திருந்த போஷோவரும் நடுவழியில் இறந்துவிட்டார். அவர் கொடுத்த வாக்குறுதிகளைக் கண்டி மன்னர் செனரத் ஏற்கவில்லை. முன்னால் அனுப்பிய கப்பலையோ காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர்கள் அழித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற வணிகர் தஞ்சாவூர் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் கதை திரும்பியது.

1620 நவம்பரில் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டலாம், ஆண்டுதோறும் வாடகை கட்ட வேண்டும். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

பள்ளிப் பாடத்தைப் படித்தால் வெள்ளைக்காரன் வந்தான், பிடித்தான் என்றுதான் மனதில் நிற்கும். இங்கே யாரும் எதையும் பிடிக்கவில்லை. கேட்டு வாங்கியவர் கெட்டே, நிபந்தனை போட்டவர் நாயக்கர். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் இருக்கும்போது இன்னொரு வாடிக்கையாளரும் வந்தால் லாபம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பேச்சுவார்த்தையில் பாதிப் புகழ் கிராப்பேக்குத்தான் சேர வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனாலும் இலங்கை கைவிட்டதும் வெறுங்கையோடு திரும்பாமல், கிடைத்ததை எழுத்தில் வாங்கியது அந்த இளைஞரின் கெட்டிக்காரத்தனம்.

1622-ல் ஊர் திரும்பியவர் மறுபடி இந்தியா வரவில்லை. நார்வேயில் கோங்ஸ்பர்க் வெள்ளிச் சுரங்கங்களைக் கவனித்தார், 1640-ல் அரசவை உறுப்பினர், 1645-ல் நாட்டின் தலைமைக் கடற்படைத் தளபதி, 1660-ல் மரணம். பெரிய வாழ்க்கைதான். ஆனால் அவர் தொடங்கி வைத்த வியாபாரம் பெரிதாக ஓடவில்லை. முதல் டேனிஷ் கம்பெனி 1650-ல் மூடப்பட்டது.

ஒப்பந்தத்தின் மிச்சக் கதைதான் முக்கியம். 1673-ல் தஞ்சை நாயக்கர் ஆட்சியே முடிந்துபோனது. 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு 12.5 லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டது. வாடகைக்கு வந்தவர் வீட்டையே விற்ற மாதிரி!

இப்போது கும்மிடிப்பூண்டியைப் பாருங்கள். சிப்காட் நிலங்கள் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்படுகின்றன. புதுத் தொழிற்சாலை வருகிறது என்றால் எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று செய்தி வருகிறது. குத்தகைக்காரர் கையை மாற்றினால் என்ன ஆகும், பாதியில் மூடிவிட்டுப் போனால் நிலம் யாருக்கு என்ற பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. நிலம் கொடுத்த கிராமத்துக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.