3.14 என்று முடியும் ஒப்படைகள்

மீன் டின் ஒன்று, தையல் நூல் ஒரு முழம், அடிமட்டம். கல்முனையில் எந்த வீட்டுக் குசினியிலும் கிடைக்கிற இந்தச் சாமான்களே ஒரு கணித ஆய்வுகூடத்துக்குப் போதும். நூலைச் சுற்றி அளந்தால் 23.6 சென்ரிமீற்றர். விட்டம் 7.4. வகுத்தால் 3.19 வருகிறது.

ஒப்படையில் அந்த 3.19ஐக் காண்பது அபூர்வம். சரியான விடை பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும், 7.4ஐ 3.14ஆல் பெருக்கினால் 23.2. அதையே "அளந்த நீளம்" என்று எழுதி, சிவப்புப் பேனையால் கோடும் போட்டுக் கொடுத்தால் முழுப் புள்ளி. நேர்மையாக அளந்தவளுக்குத்தான் குறைகிறது!

பிழை பிள்ளையுடையதல்ல, புள்ளித் திட்டத்தினுடையது. இந்தியாவின் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் கணிதச் செயற்பாட்டுக்கு 10 புள்ளி வைத்திருக்கிறது. அதில் 5 பதிவேட்டுக்கு, 3 ஆண்டிறுதியில் செய்து காட்டுவதற்கு, வாய்மொழிக் கேள்விக்கு வெறும் 2. பாதிப் புள்ளி கொப்பிக்கே போனால், நல்ல கையெழுத்துள்ள அண்ணனோ ராத்தாவோ இருக்கிற பிள்ளை கொடுத்துவைத்த பிள்ளை.

இங்கே இலங்கையில் கதை வேறு. சாதாரண தரக் கணிதத்தின் சித்தியை இரண்டு வினாத்தாள்கள் தீர்மானிக்கின்றன. பாடசாலை மட்டக் கணிப்பீடு தனித் தரமாக ஒதுங்கி நிற்கிறது. சித்தியை அசைக்காத ஒன்றுக்காக ரியூசனை விட்டுவிட்டு டின்னைச் சுற்ற எந்த உம்மா விடுவார்?

இங்கிலாந்து இந்தச் சிக்கலில் ஒருமுறை கையை உதறியது. அங்கே ஜிசிஎஸ்இ கணிதத்தில் 20 சதவீதம் வீட்டில் செய்துவரும் ஆய்வுப் பணிக்கு இருந்தது. இணையத்திலிருந்தும் பிறர் கையிலிருந்தும் வந்த பணிகள் பெருகிவிட்டன என்ற கவலையில், அதை நீக்குவதாக 2006இல் அறிவித்தார்கள். ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டமோ அதே 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு, 20 புள்ளியில் 3ஐ மாணவர் தம் வேலையைத் தாமே மீளாய்வதற்கு ஒதுக்கியது. இரண்டாவது வழியே புத்திசாலித்தனம்.

ஏனென்றால் 3.19இல்தான் கணிதம் இருக்கிறது. நூல் தடிப்பா, இழுபட்டதா? சுற்றளவைத் துருத்திய விளிம்பிலும் விட்டத்தை உள்விளிம்பிலும் எடுத்தாளா? பத்துத் தரம் அளந்து சராசரி எடுத்தால் விடை நெருங்குமா, அல்லது அதே பிழைதான் பத்துத் தரமும் வருமா?

கொப்பியை மூடிவைத்துவிட்டு இதில் ஒன்றைக் கேட்க ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் 80 நிமிடம். ஒரு தவணைக்கு இரண்டு பாடவேளை.