மையித்துக் குளிப்பாட்ட நானா?

ஊரில் ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்ட யாரைத் தேடுகிறோம்? அதே இரண்டு மூன்று மூத்தம்மாமாரைத்தான். நம்மைக் கூப்பிட்டால், "எனக்கு ஓதல் போதாது, கை நடுங்கும்" என்று ஒதுங்குகிறோம். கலியாண வீட்டில் மருதோண்டி போட மட்டும் பத்துப் பேர் முந்துவோம்!

2020இல் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, குளிப்பாட்டவும் அடக்கவும் முடியவில்லையே என்று அழுத சமூகம் நாம். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அன்று உரிமையாகக் கேட்டது இன்று கடமையாக வரும்போது நாம் பின்வாங்குவது எனக்கு விளங்கவில்லை.

பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. பிர்அவ்னிடம் போகச் சொல்லப்பட்ட மூஸா நபி (அலை) தமது நாவின் திக்கலை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். ஹாரூன் நபியைத் துணைக்குக் கேட்டார்கள். துணை கிடைத்தது, போகவேண்டிய கடமையோ அப்படியே இருந்தது.

நபி (ஸல்) அவர்களின் மகள் ஸைனப் (ரழி) வபாத்தானபோது குளிப்பாட்டிய பெண்களில் உம்மு அதிய்யா (ரழி) ஒருவர். வலப்புறத்தால் தொடங்கவும், இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படையாகக் கழுவவும், கடைசியில் கற்பூரம் சேர்க்கவும் நபியவர்களே அப்பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களும் கேட்டுத்தான் செய்தார்கள்.

இது பர்ளு கிபாயா. எவரும் செய்யாவிட்டால் பாவம் ஊர் முழுவதற்கும். உயர்தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் உம்மாமார் தம் மகளை அந்த மூத்தம்மாவோடு ஒருமுறை அனுப்பிப் பார்க்கலாம். முதல் நாள் தண்ணீர் மொண்டு கொடுத்தாலே போதும்.