அழித்து நிறுவுவதுதான் தீர்வா?



பீடோரில் எம் வகுப்பின் லினக்ஸ் கணினி, சிறுவர் வசதிக்காகக் கடவுச்சொல் கேளாமல் தானே புகுபதிகை செய்யும். ஒருநாள், தொடக்கத்தில் தானே இயங்கும் நிரலொன்று பழுதாகித் திரை கறுத்தது. "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவோம்" என்றார் பழுதுபார்ப்பவர். மாணவர் தட்டெழுதிய கட்டுரைகள் என்னாவது?

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். எழுத்து மட்டுமுள்ள கட்டளைத் திரை வந்தது. அங்கே கடவுச்சொல் வேண்டும். (நல்லவேளை, பழைய பதிவேட்டில் குறித்திருந்தேன்.) முகப்புக் கோப்புறையின் '.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட்' உறையிலிருந்து அந்நிரலின் கோப்பை 'எம்வி' கட்டளையால் வெளியே நகர்த்தினேன். பிறகு 'சூடோ ரீபூட்'. அவ்வளவே, கட்டுரைகள் அப்படியே இருந்தன.

தானியங்கிப் புகுபதிகையே தடையானால், லைட்டிஎம் அமைப்புக் கோப்பில் 'ஆட்டோலாகின்-யூசர்' வரியின் முன் # இட்டால் போதும். இதற்கா வன்தட்டை அழிப்பது? நாள்தோறும் பிழை திருத்தும் நமக்கு ஒரு வரியைத் திருத்த அச்சமா?