சொட்டுச் சொட்டாய்ப் போவது தண்ணீர் மட்டும்தானா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் விண்வெளி, கணினி, ரோபோ என்று எதையாவது பெரிதாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேனாவைக் கையில் எடுத்தால் மனசு வேறு பக்கம் போகிறது. எங்கள் வளவில் ஒழுகிய ஒரு குழாயைப் பற்றி எழுதச் சொல்கிறது. குழாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்!

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் மண், உப்புத் தண்ணீர். அப்பா லோடு ஏற்றும் வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஒரே வளவில் ஆறு வீடுகள். ஆறுக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு ஹெச்.பி. மோட்டார், மேலே ஒரு டேங்க். மோட்டாருக்கு வரும் கரண்டு பில்லை ஆறாகப் பங்கு வைத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

போன வருஷம் அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு பில்லுக்கும் வளவில் சண்டை. "உங்க வீட்லதான் துணி அதிகம் துவைக்கீக", "உங்க வீட்லதான் விருந்தாளி வாராக" என்று ஆளாளுக்கு ஒரு குற்றச்சாட்டு. கடைசி வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறாள். ஒரு நாள் பங்குப் பணத்தை முந்தானையிலிருந்து எடுத்து எண்ணிக்கொண்டே, "ரெண்டு கொடம் தண்ணி பொழங்குத எனக்கும் இதே ரூவாதானாய்யா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று ராத்திரி அம்மா கேட்ட கேள்வி அதைவிடக் கூர்மையானது. "ஏல, மூணு வருசமா மிஷினுக்குப் படிக்கேன்னு சொல்லுத. இந்தக் கொழாயில ஒழுகுத தண்ணிய ஒன்னால நிறுத்த முடியலியா?"

தோழர்களே! பெர்னோலி தேற்றத்தை வரைபடத்துடன் எழுதி மார்க் வாங்கியவன் நான். சென்ட்ரிஃபியூகல் பம்பின் பாகங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வீட்டு வாசலில் ஒழுகும் ஒரு குழாயைக் கழற்றத் தெரியாது! அந்த ராத்திரி எனக்கு வந்த வெட்கம் சாதாரண வெட்கமில்லை.

மறுநாள் ஒரு லிட்டர் செம்பைக் குழாயடியில் வைத்து நேரம் பார்த்தேன். நிறைய 72 நிமிடம் ஆனது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 20 லிட்டர், மாதத்துக்கு 600 லிட்டர், வருஷத்துக்கு 7300 லிட்டர். ஒரே ஒரு குழாய்! 'சிறு துளி பெருவெள்ளம்' என்று உண்டியலைக் காட்டித்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒழுகும் குழாயைக் காட்டி யாரும் சொல்லவில்லை.

2019ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிகள் வறண்டுபோய், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நாடே அதைப் பேசியது. எங்கள் வளவுக் குழாயைப் போல 1,25,000 குழாய்கள் ஒரு நாள் ஒழுகினால் அந்த ரயில் தண்ணீர் முழுவதும் காலி! சென்னை போன்ற ஒரு மாநகரத்தில் அத்தனை குழாய் ஒழுகாது என்று யாராவது பந்தயம் கட்டுவீர்களா?

சரி, நான் என்ன செய்தேன்? வீரமாக ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கிக் குழாயின் தலையைத் திருகினேன். தண்ணீர் பீய்ச்சியடித்து நானும் நனைந்து, அம்மா காயப்போட்டிருந்த வத்தலும் நனைந்ததுதான் மிச்சம். எங்கள் தெருவில் ஒரு பிளம்பர் அண்ணன் இருக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஓடிவந்து டேங்க்குக்குக் கீழே இருந்த கேட் வால்வை அடைத்துவிட்டு, "மேல வால்வ அடைக்காம கீழ கொழாயத் தொறக்கலாமா தம்பி?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அன்றைக்கு அவர்தான் எனக்கு வாத்தியார்.

குழாயின் உள்ளே ஸ்பிண்டில், அதன் நுனியில் ஒரு சின்ன வாஷர். உப்புத் தண்ணீரில் ரப்பர் தேய்ந்து விரிசல் விட்டால் குழாயை எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பலமாக இறுக்குகிறோம். வாஷர் இன்னும் கிழிகிறது, மரையும் தேய்கிறது. கடைசியில் குழாயையே மாற்ற வேண்டி வருகிறது. ஐந்து ரூபாய் வேலையை நாமே ஐந்நூறு ரூபாய் வேலையாக ஆக்கிக்கொள்கிறோம்!

ஆனால் குழாய்கள் மட்டும் காரணம் இல்லை என்று அண்ணன் சொன்னார். மோட்டாரைப் போடச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "காத்து இழுக்குது தம்பி" என்றார். கிணற்றுக்குள் போகும் உறிஞ்சுகுழாயின் ஜாயின்டில் காற்று புகுந்தது. அடியில் இருந்த ஃபுட் வால்வு சரியாக மூடாததால் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நின்ற தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பியது. அதனால்தான் தினமும் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி மோட்டாரை எடுக்க வேண்டியிருந்தது! மேலே டேங்க்கில் மிதவை வால்வு உடைந்து கிடந்தது. ஆனால் மோட்டார் ஓடும் சத்தம் என்னவோ வழக்கம் போலத்தான் இருந்தது. கரண்டு போகிறது, தண்ணீர் வரவில்லை. பாடத்தில் 'எஃபிஷியன்சி' என்று படித்தது இதைத்தானே!

வாங்கிய சாமான்களின் கணக்கைக் கேளுங்கள். வாஷர் 8, விலை 40 ரூபாய். டெஃப்லான் டேப் 2, விலை 40 ரூபாய். ஃபுட் வால்வு 350 ரூபாய். மிதவை வால்வு 210 ரூபாய். ஆக மொத்தம் 640 ரூபாய். அண்ணன் கூலி வாங்க மறுத்தார். நாங்கள் விடவில்லை, ஆறு வீடும் சேர்ந்து கொடுத்தோம். உழைப்பை இலவசமாக வாங்குவது நியாயமில்லை அல்லவா?

பலன் என்ன? முன்பு டேங்க் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். இப்போது 40 நிமிடம். காலை, மாலை இரண்டு வேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 நிமிட ஓட்டம் மிச்சம். மாதத்துக்கு 20 மணி நேரம். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். ஆக மாதம் சுமார் 20 யூனிட் குறைந்தது. அடுத்த பில் வந்த அன்று வளவில் சண்டை இல்லை. கடைசி வீட்டுப் பாட்டி எனக்கு ஒரு கை நிறையக் கருப்பட்டி கொடுத்தாள். செமஸ்டரில் எடுத்த எந்த மார்க்கும் அந்தக் கருப்பட்டி அளவுக்கு இனிக்கவில்லை!

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். குழாய் வீட்டுக்காரருடையது. ஒழுகலுக்குப் பணம் கட்டுவது குடியிருப்பவர். அதனால்தான் வாடகை வீடுகளில் எதுவும் சீக்கிரம் சரியாவதில்லை. "நம்ம வீடா என்ன?" என்று இவர்கள் விட்டுவிடுகிறார்கள், "நம்ம பில்லா என்ன?" என்று அவர் விட்டுவிடுகிறார். எங்கள் வீட்டுக்காரரும் முதலில் மறுத்தார். சத்தம் போட்டால் நடக்காது என்று தெரிந்து, மோட்டார் ஓடிய நேரத்தை ஒரு நோட்டில் பத்து நாள் முன்பும் பத்து நாள் பின்பும் எழுதிக் காட்டினேன். மோட்டார் உங்களுடையது, இப்படிக் காற்றிழுத்து ஓடினால் காயில் போய்விடும் என்றும் சொன்னேன். இரண்டு வால்வுகளுக்கான 560 ரூபாயை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். ஏழைக்குக் கோபத்தைவிடக் கணக்கு நல்ல ஆயுதம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது வெந்நீர். எங்கள் ஆச்சிக்கு மூட்டுவலி. 1500 வாட்ஸ் ஹீட்டர் ராடை வாளியில் போட்டு அரை மணி நேரம் விடுவாள். தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அப்புறம் பச்சைத் தண்ணீரைக் கலப்பாள். மிஞ்சியது ஆறிப்போய்க் கிடக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக 0.3 யூனிட் போதும். அதாவது 12 நிமிடம்! அரை மணிக்கு 0.75 யூனிட். இப்போது ஆச்சி கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிறாள். ராடில் படிந்த வெள்ளை உப்பை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சுத்தம் செய்கிறேன். அந்த உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குச் சீக்கிரம் போகாமல் ராடே எரிந்துபோகும். ஒன்றை மறக்காதீர்கள்: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். பைசா மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்டுவிடக் கூடாது. எர்த் இல்லாத பிளக்கில் ராடும் வேண்டாம், கீசரும் வேண்டாம். கரண்டு வேலையை அதற்குரிய எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

கீசர் வைத்திருக்கும் வீட்டுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருப்பி வைத்து, நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைப்பது பணத்தைக் காய்ச்சுவது போல. உப்புத் தண்ணீர் ஊரில் அதன் உள்ளே இருக்கும் ஆனோடு கம்பி கரைந்துவிட்டதா என்று சர்வீஸ் செய்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பி தான் கரைந்து டேங்க்கைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் துரு டேங்க்கைத் தின்னும். வெந்நீர் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. பைப் போடாதீர்கள், சூட்டில் இளகிவிடும். அதற்கு சி.பி.வி.சி. இருக்கிறது. வசதி இருந்தால் சோலார் ஹீட்டர் நல்லது. 100 லிட்டரை 28லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கக் கரண்டில் ஏறத்தாழ 3.7 யூனிட் ஆகும். எங்கள் கரிசல் வெயில் அதைச் சும்மா செய்து தரும்!

ஆனால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதிது வாங்குவது கடைசிப் படி. முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும். இரண்டாவது, இருப்பதைச் சுத்தமாக வைத்து ஒழுங்காக ஓட்ட வேண்டும். மூன்றாவதுதான் மாற்றுவது. ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடி போட்டு என்ன பயன்? ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டேங்க்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகல் உண்டு. ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் மஞ்சள் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் மஞ்சள் இறங்குகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும்.

"நாமே செய்தால் பிளம்பர் பிழைப்பு என்ன ஆவது?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. இதை அண்ணனிடமே கேட்டேன். "வாஷர் மாத்த யாருடே என்னக் கூப்பிடுதாக? எல்லாம் ஒடஞ்ச பிறகுதான் கூப்பிடுதாக" என்று சிரித்தார்.

இன்னொரு நண்பன், "டிப்ளமோ படித்துவிட்டுக் குழாய் ரிப்பேரா? கேவலமில்லையா?" என்றான். என்னைத் தைத்தது இந்தக் கேள்விதான். ஏனென்றால் என் அப்பாவும் அதைத்தான் நினைக்கிறார். கையில் அழுக்குப் படாத வேலைக்கு நான் போக வேண்டும் என்றுதானே அவர் முதுகில் மூட்டை சுமக்கிறார்! அவர் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தோழர்களே, படித்தவன் அழுக்கைத் தொடமாட்டான் என்றால், அழுக்கைத் தொடுபவன் மட்டமானவன் என்றல்லவா ஆகிறது? அப்படியென்றால் என் அப்பா யார்? அந்த பிளம்பர் அண்ணன் யார்? அவர் காதால் கேட்டுச் சொன்னதை நான் புத்தகத்தில் படித்தும் கண்டுபிடிக்கவில்லையே! அவர் கையும் நம் கணக்கும் சேர்ந்தால் அல்லவா அது தொழில்நுட்பம்?

ஆகவே நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் விடுதியில் 34 குழாய்களை எண்ணினேன். 9 ஒழுகுகின்றன. எங்கள் வளவுக் கணக்கில் பார்த்தால் நாளுக்கு 180 லிட்டர். மனு எழுதிக்கொடுத்துக் காத்திருக்கிறோம். மனுவும் கொடுப்போம், அது நம் உரிமை. கூடவே மன்றப் பணத்தில் ஒரு பெட்டி வாங்குவோம்: இரண்டு ஸ்பேனர், ஒரு பைப் ரெஞ்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப், ஒரு டப்பா வாஷர். அனுமதி பெற்று மாதம் ஒரு ஞாயிறு, துறைக்கு இரண்டு பேர். முதலில் விடுதி. பிறகு அக்கம்பக்கத்து வளவுகள். கற்றுத்தர ஒரு பிளம்பரை மரியாதையாக அழைத்து, அவருக்குரிய கூலியையும் கொடுப்போம். முன்னும் பின்னும் கணக்கை நோட்டில் எழுதி அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம்.

நான் அப்போது இங்கே இருக்கமாட்டேன், இது எனக்குக் கடைசி ஆண்டு. பெட்டியை யாராவது ஒரு இரண்டாமாண்டுத் தம்பியோ தங்கையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம்: முதலில் மேலே வால்வை அடைத்துவிடுங்கள்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்