பழங்காருக்கு வழிவிடுக

ஐம்பது வயதைக் கடந்த கார்களுக்கே ‘விண்டேஜ்’ தகுதி என 2021-இல் மத்திய அரசு வகுத்த விதி திருத்தப்பட வேண்டும். இக்கார்களுக்கு ‘விஏ’ வரிசைப் பதிவு எண் தனி அடையாளமாகக் கிடைத்தது நல்லதே. பதிவுக் கட்டணமோ 20,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு தவிர இவை சாலையில் ஓடக்கூடாது. 1980-களின் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இந்தத் தகுதிக்குள்ளேயே வருவதில்லை. பழங்கார்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 30 ஆண்டுகளையே வரம்பாகக் கொள்கிறது. நாமும் அதை ஏற்கலாம். பழைய இன்ஜின் புகை கக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால், எப்போதாவது ஞாயிறு காலையில் வெளிவரும் வண்டியின் புகையும் அன்றாடம் ஓடும் டீசல் வண்டியின் புகையும் ஒன்றல்ல. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என வரம்பு வைத்தால் போதும். இந்தச் சலுகை, சைலன்ஸரைக் கழற்றி ஊரை அலறவைக்கும் புதுக் கார்களுக்கு நீளக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனினும் பழங்காரில் சீட் பெல்ட்டும் மேம்பட்ட பிரேக்கும் பொருத்துவதை அசல் வடிவத்தைச் சிதைப்பதாகக் கருதக்கூடாது. உயிர்காக்கும் மாற்றங்களின் பட்டியலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிலேயே ஒப்புதல் வழங்கச் செய்ய வேண்டும்.