நாலு பேர் சொல்ல வேண்டும்

திருத்தணிச் சகோதரி ஒருவருக்கு மனத்தாங்கல். தம்பி நடத்தும் வக்கீல் நிறுவனத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத நினைத்தாராம். "அதற்குத் தகுதி போதாது" என்றார்களாம் தெரிந்தவர்கள். "இருபது வருஷமாக நாணயமாகத் தொழில் செய்கிறான், இது நியாயமா?" என்று கேட்கிறார்.

கோபம் வேண்டாம், அம்மா! பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பிள்ளை வீட்டார் பேச்சோடு நின்றுவிடுகிறோமா? சம்பந்தமில்லாத நாலு பேரை விசாரிக்கிறோம் அல்லவா? கலைக்களஞ்சியத்தின் வழக்கமும் அதுதான். தொடர்பில்லாத பத்திரிகைகளும் புத்தகங்களும் அந்த நிறுவனத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். வழக்குச் செய்தியில் வக்கீல் பெயர் ஒரு வரி வந்தால் போதாது. விளம்பரம் கணக்கிலேயே சேராது. சொந்தக்காரர்கள் எழுதுவதும் உசிதமல்ல.

உங்கள் ஊரையே பாருங்களேன்! 1888-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர், ம.பொ.சி. முதலியோர் போராட, 1960 ஏப்ரல் 1-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஊர். இவை ஊரார் தாமே எழுதிக்கொண்ட பெருமைகளா? பிறரல்லவா எழுதி வைத்தார்கள்!

ஏட்டில் ஏறாததால் தம்பியின் தொழிலுக்கு இழுக்கில்லை. ஓர் ஏழை விதவையின் வீட்டை மீட்டுக் கொடுத்த வக்கீலைக் கலைக்களஞ்சியம் அறியாமல் இருக்கலாம். அந்த அம்மாள் மறப்பாளா?