பழைய காரின் பிறப்புச் சாட்சிகள்

2014ஆம் ஆண்டு யூன் மாதம், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடைபெற்ற ஏலமொன்றில், 1971ஆம் ஆண்டுப் பிளிமத் கார் ஒன்று 35 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. மேற்கூரையை மடித்துவிடக்கூடிய ‘குடா’ வகையைச் சேர்ந்த அக்காரில், 426 கன அங்குல ‘ஹெமி’ எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது. அவ்வெஞ்சினுடன் அவ்வாண்டில் வெளிவந்த மடிகூரைக் கார்கள் பதினொன்றே. அதே உடலமைப்பில், சாதாரண எஞ்சினுடன் பிறந்த கார்கள் அவ்விலையின் அருகிலும் நிற்கமாட்டா. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

விலை ஏறுமிடத்திற் பொய்யும் உடன் ஏறிக்கொள்வது உலக இயல்பு. சாதாரணக் கார் ஒன்றை வாங்கி, வேறெங்கோ கிடைத்த பெரிய எஞ்சினை அதிற் பூட்டி, புதுநிறமும் பூசி, தொழிற்சாலையிலிருந்து அவ்வாறே வந்ததெனச் சொல்லி விற்போர் உளர். ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து அதனை வாங்குபவர், பின்னொருநாள் உண்மை வெளிப்படும்போது கையைப் பிசைந்து நிற்க நேர்கின்றது. ஆதலால், இத்தகைய கார்களைப் புதுக்குவோர் மெய்யான உறுப்பை எவ்வாறு இனங்காண்கின்றனர் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

‘மசில் கார்’ என அமெரிக்கர் வழங்கும் இவ்வகைக்கு வழிதிறந்தது 1964ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜீ.ரீ.ஓ. என்பர். நடுத்தர அளவுள்ள காரொன்றினுள் 389 கன அங்குல எஞ்சினை வைத்து, இளைஞர் வாங்கக்கூடிய விலைக்கு விற்றனர். ஏனைய கம்பனிகளும் பின்தொடர்ந்தன. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், உயர்ந்த காப்புறுதிக் கட்டணமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அக்காலத்தை முடித்துவைத்தன. எஞ்சியுள்ள கார்களின் பெருமதிப்புக்கு இதுவே காரணம்.

காணி வாங்குவோர் முதலில் உறுதியைப் பார்ப்பது போல, கார் வாங்குவோர் முதலில் அதன் அடையாள இலக்கத்தைப் பார்க்கின்றனர். 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட இன்றைய முறை 1981ஆம் ஆண்டுக் கார்களுடன் வந்தது. அதற்குமுன் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு வழக்கம். மேற்கூறிய பிளிமத் காரில், அடையாள இலக்கத்தின் ஐந்தாம் இடத்திலுள்ள ‘ஆர்’ என்னும் எழுத்தே ஹெமி எஞ்சினைச் சொல்லிவிடும். 1969ஆம் ஆண்டுச் செவ்ரலே கமாரோவின் கதை வேறு. அதன் முதல் இலக்கம் 1 ஆயின் செவ்ரலே. அடுத்த 24, எட்டுச் சிலிண்டர்க் கமாரோ. அடுத்த 37, நிலைத்த கூரையுடைய கார். அடுத்த 9, ஆண்டு. பின்வரும் ‘என்’ என்னும் எழுத்து நோர்வூட் தொழிற்சாலை. இறுதி ஆறும் வரிசை இலக்கம். ஆனால் அது பந்தயப் புகழ்பெற்ற ‘இசட் 28’ வகையா அல்லவா என்பதை அவ்விலக்கம் ஒருபோதும் சொல்லாது. அவ்வாண்டில் இசட் 28 கார்கள் 20,302 செய்யப்பட்டன. இன்று அப்பெயரைச் சூடிக்கொண்டு நிற்பவை யாவும் அவற்றுள் அடங்குமா என்பதே கேள்வி.

ஆதலால் வேறு சாட்சிகளைத் தேடவேண்டும். எஞ்சின் அறையின் பின்சுவரில் தறையப்பட்ட சிறு தகடொன்று உண்டு. உடற்கூடு செய்யப்பட்ட மாதமும் வாரமும், நிறமும், இருக்கைத் துணியும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. நோர்வூட் தொழிற்சாலை 1968 டிசெம்பரிலிருந்து இத்தகட்டில் ‘எக்ஸ் 77’, ‘எக்ஸ் 33’ முதலிய குறிகளையும் பதித்தது. இவ்விரண்டும் இசட் 28 காரையே குறிப்பன. கலிபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலையோ இக்குறிகளைப் பதிக்கவில்லை. எனவே அங்கு பிறந்த காரிற் குறி இல்லாமை குற்றமாகாது. இருத்தலே ஐயத்துக்கு இடமாகும்.

அடுத்த சாட்சி எஞ்சின். வலப்பக்கச் சிலிண்டர்த் தலைக்கு முன்னே, சமமாகச் சீவப்பட்ட சிறு திட்டொன்றுண்டு. அதில் ‘வீ 0318 டீ.இசட்.’ எனப் பொறித்திருப்பின், ‘வீ’ என்பது பிளின்ற் எஞ்சின் தொழிற்சாலை, 0318 என்பது மார்ச் 18ஆந் திகதி, ‘டீ.இசட்.’ என்பது இசட் 28 காருக்கென்றே அமைந்த 302 கன அங்குல எஞ்சின். காரின் வரிசை இலக்கமும் அத்திட்டிலோ எண்ணெய் வடிகட்டியின் அருகிலோ பதிக்கப்பட்டிருக்கும். இரும்பு வார்த்த நாள், எஞ்சினின் பின்விளிம்பில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும். ‘சீ 4 9’ என்றால், மூன்றாம் மாதம், நான்காம் நாள், 9இல் முடியும் ஆண்டு. அது 1969 தானா, 1979 அன்றா என்பதை அருகிலுள்ள வார்ப்பு இலக்கத்தைக்கொண்டு தெளியலாம்.

இங்கேதான் முழு ஆய்வுக்கும் ஆதாரமான நியதி இருக்கின்றது. முதலில் இரும்பு வார்க்கப்படும். பின்னர் எஞ்சின் பொருத்தப்படும். அதன் பின்னரே அது காரினுள் ஏறும். மார்ச் 4ஆந் திகதி வார்த்து, 18ஆந் திகதி பொருத்திய எஞ்சின், ஏப்ரில் முதல் வாரத்து உடற்கூட்டில் இருப்பது இயல்பு. பெப்ரவரி மாதத்து உடற்கூட்டில் இருக்குமாயின், பிள்ளைக்குப் பின் தாய் பிறந்த கதையாகிவிடும்.

சிறு உறுப்புக்களும் இந்நியதிக்கு உட்பட்டவையே. ஹொலி காபரேட்டரின் மேல்விளிம்பில் 923 எனக் கண்டால், 1969ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம், மூன்றாம் வாரம். டெல்கோ ரெமி ஆல்டர்நேட்டரில் ‘9 சீ 12’ என்பது 1969 மார்ச் 12. கண்ணாடிகளின் மூலையிலுள்ள இரு நுண்ணெழுத்துக்களும் மாதத்தையும் ஆண்டையும் மறைபொருளாகக் கூறுவன. தகடுகள் ஒன்றுசேரும் விளிம்புகளில், தொழிற்சாலை ஒட்டு வட்டவட்டமான சிறு குழிகளாகத் தோன்றும். அங்கே நீண்ட ஒட்டுத் தழும்பு காணப்படின், அத்தகடு பின்னர் மாற்றப்பட்டதென்க. ஒரு சாட்சி பொய் சொல்லலாம். இருபது சாட்சிகளும் கூடி ஒரே பொய்யைச் சொல்வது அரிது.

பொய்யரும் இவற்றையெல்லாம் கற்றவரே. திட்டிலுள்ள பழைய எழுத்தை அராவியகற்றி, வேண்டிய எழுத்தைப் புதிதாக அடிப்போர் இருக்கின்றனர். ஆயின் தொழிற்சாலையிற் சீவியபோது விழுந்த மெல்லிய நேர்கோடுகள் திட்டின் மேல் முன்பின்னாக ஓடும். அராவியவன் எழுத்தைத் திருப்பித் தந்தாலும் அக்கோடுகளைத் தருதல் எளிதன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் ஆய்வாளர் குனிந்து பார்ப்பது இதனைத்தான். முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவாய்த் தகட்டைக் கழற்றினால், வரிசை இலக்கம் மறைவிடத்திலும் அடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வெளித்தகட்டை மாற்றியவர் பலரும் இதனை மறந்துவிடுகின்றனர். அடையாள இலக்கத்தைத் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவிற் குற்றமாகும்.

கடதாசிச் சாட்சிகளும் உண்டு. பொன்டியாக் கார்களுக்கு, 1961 முதல் 1986 வரையான தொழிற்சாலைப் பட்டியலின் பிரதியைப் ‘பொன்டியாக் ஹிஸ்டோரிக் சேர்விசஸ்’ வழங்குகின்றது. 1967ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்த போட் கார்களின் விபரத்தை ‘மார்ட்டி ஓட்டோ வேர்க்ஸ்’ எடுத்துத் தருகின்றது. செவ்ரலேயை வைத்திருப்போர், 1965 முதல் 1972 வரை உத்தரவாதப் புத்தகத்துடன் வழங்கப்பட்ட சிறு உலோகத் தகட்டைத் தேடவேண்டும். எஞ்சின், பின் அச்சு ஆகியவற்றின் குறிகள் அதிலுள்ளன. தொழிலாளர் பார்த்து வேலைசெய்த கட்டளைத்தாள், பெற்றோல் தாங்கியின் மேலோ இருக்கைச் சுருள்களின் நடுவிலோ நைந்து கிடப்பதும் உண்டு.

இதனாற் குடும்பத்தவர் அறியவேண்டியது ஒன்றுள்ளது. தந்தை விட்டுச்சென்ற கார் கொட்டகையில் தூசிபடிந்து நிற்கும்போது, அன்பு மேலீட்டால் அதனை உடனே கழுவி, தேய்த்து, பளபளப்பாக்கிவிட முனைவர் பிள்ளைகள். அவர்கள் தேய்த்தகற்றுவது அழுக்கை மாத்திரமன்று. எஞ்சின் திட்டின் கோடுகளும், சோதனை செய்த தொழிலாளர் இட்ட நிறக்கோடுகளும், இருக்கையினுள் இருந்த கட்டளைத்தாளும் அழுக்குடன் சென்றுவிடும். முதலிற் படம் எடுங்கள். அடுத்து ஒவ்வோர் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பின்னரே தூரிகையைத் தொடுங்கள். கழற்றிய பழைய உறுப்பு உடைந்ததாயினும் எறியவேண்டாம். கடையில் வாங்கிய புதிய பிரதி அழகாயிருக்கலாம். சாட்சி சொல்ல அதற்கு வாயில்லை.

மாற்றிய உறுப்பெல்லாம் மானக்கேடு என்று எண்ணுவதும் தவறு. உத்தரவாதக் காலத்திற் பழுதான எஞ்சினுக்கு ஈடாகச் செவ்ரலே கம்பனியே வழங்கிய எஞ்சின்களில் ‘சீ.ஈ.’ என்னும் எழுத்துக்கள் பதிந்திருக்கும். அவ்வெஞ்சினுடன் நிற்கும் கார், தன் முதல் எஞ்சினை இழந்ததை ஒளியாமற் சொல்கின்றது. அதனை அவ்வாறே சொல்லி விற்பவர் சிறிது பணத்தை இழப்பார், நாணயத்தை இழக்கமாட்டார். அவ்வெழுத்துக்களை அராவி ‘டீ.இசட்.’ என்று அடிப்பவரோ, தம்மிடமிருந்த உண்மையான ஒன்றையும் அழித்துப் பொய்யான ஒன்றைப் பெறுகின்றார். அப்பொய்யை அடுத்து வாங்குபவரும், அவருக்கடுத்தவரும் அறியாமலே சுமந்து செல்வர். காருக்கு உயிரில்லை என்பது உண்மையே. அதை நம்பிப் பணம் கொடுப்பவருக்கு உயிருண்டு.